வயிற்று மிஷினும் நாற்பத்தொரு இஞ்சும்

மார்ச் 6, வெள்ளி

வந்துவிட்டது! பதினொன்றரை மணிக்கு லோடு ஆட்டோவில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். பெட்டி கிட்டத்தட்ட என் உயரம். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை ஊசிக்கு அடியிலேயே விட்டுவிட்டு, துணி வெட்டுகிற கத்தரியாலேயே பெட்டியைக் கிழித்தேன். அந்தக் கத்தரியால் காகிதம் வெட்டினால்கூட மற்றவர்களைத் திட்டுகிறவள் நான்.

இந்த டைரி ஜவுளிக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. இரண்டு மாதம் வெறுமனே கிடந்தது. மிஷினோடு வந்த புத்தகத்தில் "தினமும் அளந்து குறித்து வையுங்கள், அறுபது நாளில் வித்தியாசம் தெரியும்" என்று போட்டிருக்கிறது. குறிப்பதற்குக் கொடுத்திருக்கும் கட்டம் பித்தான் அளவுதான். அதனால் இந்த டைரி. நான் செண்பகவல்லி, வயது நாற்பத்தெட்டு, கோவில்பட்டியில் வீட்டு முன்னறையில் தையல்கடை. இது எனக்கே தெரியும், இருந்தாலும் முதல் பக்கத்தில் எழுதினால் ஒரு கெத்து.

எதற்கு வாங்கினேன் என்றால், மே மூன்றாம் தேதி மேட்ச். மாவட்ட ஹாக்கிப் போட்டியின் கடைசி நாளில் பழைய வீராங்கனைகளுக்கென்று ஒரு ஆட்டம் வைக்கிறார்கள். நாங்களும் திருநெல்வேலியும். நான் சென்டர் பார்வர்ட்! மட்டையைத் தொட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்த வயிற்றை வைத்துக்கொண்டு குனிந்தால் பந்து தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் கல்யாண ஜாக்கெட் தைக்க வந்த ஒரு பெண், "அக்கா, எத்தன மாசம்?" என்று கேட்டாள். சிரித்தே சமாளித்தேன். அன்று மத்தியானம்தான் டிவியில் இந்த விளம்பரம் வந்தது.

விலையை எழுத மாட்டேன். என் வீட்டுக்காரர் இந்த டைரியைப் படித்தாலும் படிப்பார்.

மார்ச் 7, சனி

அவருக்குத் தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றி அனுப்புகிற வேலை. வந்ததும் வராததுமாக மிஷினைச் சுற்றி ஒரு சுற்று வந்தார்.

"இதுக்கு நாலு ஆடு வாங்கிருக்கலாம் செம்பா. அதுகள வெரட்டிக்கிட்டு ஓடினாலே வயிறு கொறஞ்சிரும்."

"ஆட்டுக்கு ஸ்பிரிங் இருக்கா?"

"உனக்கு எதுக்கு ஸ்பிரிங்கு?"

வாய் ஓயவே இல்லை. ஆனாலும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பூட்டிக் கொடுத்தார். இரண்டு நட்டு மிச்சம். "அது எக்ஸ்ட்ராவா குடுத்திருப்பான்" என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அளவு (காலையில், காபிக்கு முன்): கழுத்து பதினான்கு. கைச்சுற்று பதிமூன்றரை. தொடை இருபத்து நான்கு. இடுப்பு நாற்பத்தொன்று.

எத்தனை பேருடைய இடுப்பைச் சிரிக்காமல் எழுதியிருக்கிறேன். என்னுடையதை எழுத எவ்வளவு வெட்கமாக இருக்கிறது!

மார்ச் 9, திங்கள்

மெத்தையில் சாய்ந்து, தலைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் கைப்பிடியைப் பிடித்து எழ வேண்டும். ஸ்பிரிங் பாதி தூக்கிவிடும். ஒவ்வொரு தடவைக்கும் சின்ன டப்பாவில் எண் கூடும். நேற்று இருபது, இன்று முப்பத்தைந்து. இருமினால் வயிறு வலிக்கிறது, சிரித்தால் வலிக்கிறது. வலிக்கிறதென்றால் வேலை செய்கிறது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஜோர்!

மார்ச் 12, வியாழன்

ஜெசிந்தா வந்தாள். அந்தக் காலத்தில் எனக்குப் பின்னால் சென்டர் ஹாஃப் ஆடியவள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், எங்கள் டீமுக்குக் கேப்டன். விசில் கழுத்தில் இல்லாவிட்டால்கூட விசில் ஊதுகிற மாதிரியே பேசுவாள்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? வயித்துல இருக்கிற கொழுப்ப மட்டும் தனியா கரைக்க ஒலகத்துல எந்த மிஷினாலயும் முடியாது. கொறஞ்சா ஒடம்பு முழுசும் கொறையும், வயித்துல கடைசியாத்தான் கொறையும். இதுல ஆடுனா உள்ள இருக்கிற தசை கெட்டியாகும். மேல இருக்கிற தொப்பை அப்படியேதான் இருக்கும்."

"விளம்பரத்துல ஒரு அம்மாவுக்கு ஏழு இஞ்சு கொறஞ்சிருக்கு."

"அந்தம்மா வேற அம்மா. முன்ன காட்டுனது ஒருத்தி, பின்ன காட்டுனது இன்னொருத்தி. காலைல என்கூட அஞ்சு கிலோமீட்டர் நட. ராத்திரி சோத்தக் கொற."

"சோறே இறங்க மாட்டேங்குது. ரெண்டு இட்லிக்கு மேல நெஞ்சு வரைக்கும் நெறஞ்சிருது."

"பெறகு எப்படிட்டி இந்த வயிறு?"

நான் பேச்சை மாற்றினேன். கடைசியில் பந்தயம்: மேட்ச் நாளுக்குள் இரண்டு இஞ்சு குறைந்தால், மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு அவள் மைதானத்தை ஒரு சுற்று சுற்ற வேண்டும். குறையாவிட்டால் நான் சுற்ற வேண்டும். அவர்தான் சாட்சி. "யாரு சுத்தினாலும் நான் வீடியோ எடுப்பேன்" என்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

முதல் பயிற்சி! காலை ஆறு மணிக்கு மைதானத்தில் ஒன்பது பேர். ஒருத்திக்கு மூட்டு வலி, ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்தி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மட்டையைக் கையில் வாங்கினதும் உள்ளங்கையில் ஒரு சிலிர்ப்பு. முதல் பந்தை அடித்தேன். போயிற்று பாருங்கள், கம்பத்துக்கு ஓரத்தில், சத்தத்தோடு!

அரை மைதானம் ஓடியதும் மூச்சு வாங்கியது. எல்லோருக்கும்தான் வாங்கியது. எனக்குக் கொஞ்சம் கூடுதல். நடுவில் இரண்டு தடவை பாத்ரூம் ஓடினேன். வயசு.

மார்ச் 20, வெள்ளி

இரண்டு வாரம் முடிந்தது. ஒரு நாளைக்கு நூற்று இருபது! ஜெசிந்தா சொன்னபடி நடையும் உண்டு, கதிரேசன் மலை வரைக்கும் போய்த் திரும்புகிறேன். மிஷின்தான் வேலை செய்கிறதா, நடைதான் வேலை செய்கிறதா என்று யார் கண்டது.

கழுத்து பதிமூன்றே முக்கால். கைச்சுற்று பதிமூன்று. தொடை இருபத்து மூன்று. மூன்று இடத்தில் குறைந்திருக்கிறது! நடுக்கூடத்தில் நின்று கத்திவிட்டேன்.

இடுப்பு நாற்பத்தொன்று. அது மெதுவாகத்தான் வரும், ஜெசிந்தாவே சொன்னாள்.

மார்ச் 21, சனி

பழைய பாவாடைக்கு நாடா எட்டவில்லை. துவைத்ததில் சுருங்கியிருக்கும்.

மார்ச் 27, வெள்ளி

தெருவில் எல்லோரும் "மெலிஞ்சிட்டீங்க அக்கா" என்கிறார்கள். முகம் ஒட்டி, தாடை எலும்பு தெரிகிறது. கண்ணாடியில் பார்த்தால் டீமில் ஆடிய காலத்து முகம்! கடைக்கு வந்த மூன்று பேர் மிஷின் எங்கே வாங்கினது என்று கேட்டு நம்பர் வாங்கிக்கொண்டார்கள். கம்பெனிக்காரன் எனக்குக் கமிஷன் தர வேண்டும்.

என் ஜாக்கெட் நாலையும் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். தைக்கும்போது அம்மா ஞாபகம் வந்தது. எழுத வேண்டாம். இது சந்தோஷமான டைரி.

இடுப்பு நாற்பத்தொன்றரை. மத்தியானம் மொச்சை சாப்பிட்டேன், வாயு.

மார்ச் 29, ஞாயிறு

மூன்றுக்கு மூன்று பிரித்து ஆடினோம். நான் ஒரு கோல்! ஜெசிந்தா பந்தைத் தள்ளிக் கொடுத்த விதம் இருக்கிறதே, அது அப்படியே அந்தக் காலத்து ஜெசிந்தா. பந்து வரும் முன்னாலேயே எனக்கு எங்கே வரும் என்று தெரிந்தது. அடித்துவிட்டு இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

கட்டிப்பிடித்தவள் சட்டென்று விலகி என் வயிற்றைப் பார்த்தாள். "கல்லு மாதிரி இருக்கேட்டி" என்றாள்.

"பின்ன? நூத்தம்பது அடிக்கேன்ல. தசை!"

அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

கழுத்து பதிமூன்றரை. கைச்சுற்று பன்னிரண்டரை. தொடை இருபத்திரண்டரை. இடுப்பு நாற்பத்திரண்டு.

டேப் பழசு. துணி டேப் இழுத்து இழுத்து நீண்டுவிடும். நாளைக்குப் புதுசு வாங்கணும்.

ஏப்ரல் 4, சனி

புது டேப். இடுப்பு நாற்பத்திரண்டேகால்.

டேப் நீண்டிருந்தால் அளவு குறைவாகத்தானே காட்டும்? முப்பது வருஷம் டேப் பிடித்தவள், அதைக்கூட யோசிக்காமல் நேற்று எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 8, புதன்

இருநூறு அடித்தேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கிண்டல் பண்ணவில்லை. அவர் கிண்டல் பண்ணாமல் இருந்தால் வீடு வேறு யார் வீடோ மாதிரி இருக்கிறது.

"போதும் செம்பா. வேர்த்துக் கொட்டுது."

"இன்னும் இருபது இருக்கு."

"யாரு ஒன்ன எண்ணுறா?"

"டப்பா எண்ணுதே."

பக்கத்தில் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு வசுமதி டாக்டர்ட்ட போய்ட்டு வருவமா, சும்மா?" என்றார். மேட்ச் முடியட்டும் என்றேன். அரை மனசாய் விட்டார்.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று அளக்கவில்லை. ஆர்டர் அதிகம்.

ஏப்ரல் 11, சனி

எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வளைகாப்பு ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள். கை பன்னிரண்டரை என்று எழுதினேன். கழுத்து பதிமூன்றரை. அவள் "இடுப்பு எவ்வளவுக்கா ஆயிருக்கு, சும்மா அளங்களேன்" என்று ஆசையாகக் கேட்டாள். அளந்தேன். நாற்பத்திரண்டரை. கிட்டத்தட்ட என் கணக்கேதான்.

டேப்பைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. "என்னக்கா?" என்றாள். நல்லா வளர்ந்திருக்கு பிள்ளை என்றேன். காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

இன்று மிஷினில் படுக்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

பயிற்சிக்குப் போனேன். கால் மணி நேரத்தில் இடது பக்கம் அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்தது. மட்டையை ஊன்றி உட்கார்ந்துவிட்டேன். ஜெசிந்தா ஓடி வந்தாள். எல்லோரையும் போகச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எவ்வளவுட்டி இப்ப இடுப்பு? உண்மையச் சொல்லு."

சொன்னேன்.

"கை?"

சொன்னேன்.

"ஒடம்பு முழுக்கக் கொறஞ்சு வயிறு மட்டும் கூடுனா அது கொழுப்பு இல்ல செம்பா. என் கிளாஸ் பிள்ளைகளுக்கே தெரியும். ஒனக்குத் தெரியலைன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்."

நான் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் அழுகிறாள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். ஜெசிந்தா அழுது நான் பார்த்ததே இல்லை. அரை இறுதியில் கால்விரல் உடைந்தபோதுகூட அழாதவள்.

"நாளைக்குப் போவோம்" என்றேன்.

ஏப்ரல் 13, திங்கள்

வசுமதி டாக்டர் படுக்கவைத்து ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். உடனே ஸ்கேன். ஸ்கேன் பண்ணின அம்மா ஜெல்லைத் தடவிவிட்டுத் திரையைப் பார்த்தார், கருவியை நகர்த்தினார், இன்னும் நகர்த்தினார். "இது எங்க போய் முடியுது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

சினைப்பையில் கட்டி. அடிவயிற்றிலிருந்து நெஞ்செலும்பு வரைக்கும் ஒரே கட்டி.

"இத்தனை நாள் இது தெரியலையா?" என்றார் டாக்டர்.

"தொப்பைன்னு நெனச்சேன் டாக்டர். மிஷின் வாங்கி எக்சர்சைஸ் பண்ணேன்."

"என்ன மிஷின்?"

படுத்துக் காட்டாத குறையாக விவரித்தேன். அவருடைய முகம் மாறியது. "இவ்வளவு பெரிய கட்டிய வச்சிக்கிட்டு தெனம் இருநூறு தடவையா? அது உள்ள முறுக்கிக்கிட்டிருந்தா அன்னைக்கே ஆபரேஷன் தியேட்டர்தான். ஒங்க நல்ல நேரம். இனி அதத் தொடாதீங்க." பிறகு என் கையிலிருந்த இந்த டைரியை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக் கணக்கையும் நிதானமாகப் பார்த்தார். "ஆனா இப்படி ஒரு பேஷன்ட் எனக்கு வந்ததில்ல. எவ்வளவு வேகமா வளருதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றார்.

இவர் வண்டியை எடுக்கும்போது சாவியை இரண்டு தடவை கீழே போட்டார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தேன். மகள் அகிலா ஓசூரிலிருந்து போன் பண்ணி "ஹேப்பி நியூ இயர்மா" என்றாள். அவர் போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நானாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் தள்ளியிருப்பேன்.

ஏப்ரல் 16, வியாழன்

திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரி. ரத்தம், இன்னொரு ஸ்கேன், மறுபடி ரத்தம். இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன். எப்படிப்பட்ட கட்டி என்று வெளியே எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால்தான் தெரியுமாம். ரத்த ரிப்போர்ட் அப்படியும் இல்லை இப்படியும் இல்லை என்று பெரிய டாக்டர் சொன்னார்.

மேட்ச் ஆட முடியாது. ஜெசிந்தாவிடம் நானே போனில் சொன்னேன். என் இடத்தில் போஸ்ட் ஆபீஸ் தாயம்மாளை இறக்கச் சொன்னேன். வலது பக்கம்தான் அவள் அடிப்பாள், பந்தை அங்கே கொடு என்று அரை மணி நேரம் விளக்கினேன். நர்ஸ் வந்து போனை அணைக்கச் சொன்னார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நாளை காலை ஏழு மணிக்கு. இப்போது சாயங்காலம் நாலரை. அவர் டீ வாங்கப் போயிருக்கிறார், அகிலா மருந்துக் கடையில் நிற்கிறாள். அவர்கள் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்கு இருபத்து மூன்று வயதில், அம்மாவுக்குத் துணி தைத்துக் கொடுத்தது நான்தான். ஆறு மாதத்தில் மூன்று தடவை ஜாக்கெட்டைப் பிடித்தேன். மூன்று தடவை பாவாடைக்குப் பட்டை சேர்த்தேன். கை மெலிகிறது, கழுத்து மெலிகிறது, இடுப்பு மட்டும் பெருக்கிறது. கண்ணால் பார்த்தேன், கையால் அளந்தேன், அளவு நோட்டில் எழுதினேன். என்னம்மா இது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அப்போது மாநிலப் போட்டி. அம்மா வாயு என்றாள், நான் சரி என்றேன். டாக்டரிடம் போனபோது, வயிற்றில் புற்றுக்கட்டி, இனி எடுக்க முடியாது என்றார்கள். ஐம்பது முடியவில்லை அவளுக்கு, போய்விட்டாள்.

போன தீபாவளிக்கு என் ஜாக்கெட்டை நானே பிடித்துத் தைத்தேன். அன்றைக்கே எனக்குத் தெரியும்.

மிஷினை வயிறு குறைய வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். இந்த டைரியிடமும் சொன்னேன். அதற்காக வாங்கவில்லை. அது கொழுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக வாங்கினேன். மிஷின் கரைப்பது கொழுப்பைத்தானே? இரண்டு இஞ்சு குறைந்துவிட்டால் போதும், அம்மாவுக்கு வந்தது எனக்கு வரவில்லை என்று ஆகிவிடும். அதனால்தான் இருபதில் ஆரம்பித்து இருநூறு. டாக்டரிடம் போகாமல் இருப்பதற்கு நான் தினமும் இருநூறு தடவை எழுந்து எழுந்து படுத்தேன்.

அவர் வருகிறார். டீயைத் தட்டில் வைத்துக்கூடக் கொண்டு வரத் தெரியவில்லை, பாதி சிந்திவிட்டது.

ஏப்ரல் 25, சனி

உயிரோடு இருக்கிறேன்!

ஐந்தே கால் கிலோ. அகிலா பிறந்தபோது இரண்டே முக்கால். கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் எடுத்தாயிற்று. கட்டி உடையாமல் முழுசாக வந்ததாம். "பாக்க நல்ல கட்டி மாதிரித்தான் இருக்கு, ஆனா சோதனை ரிசல்ட் வராம நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார் பெரிய டாக்டர். மே நாலாம் தேதி வருமாம்.

எழுத உட்கார முடியவில்லை. ஆனால் மல்லாந்து படுத்தால் என் கால்விரல் எனக்குத் தெரிகிறது. பத்தும்! அகிலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

வீடு. ஜெசிந்தா வாசலிலேயே நின்றிருந்தாள். டேப்பைத் தானே எடுத்து, கட்டுக்கு மேலேயே பட்டும் படாமல் என் இடுப்பைச் சுற்றி வைத்தாள். முப்பத்தைந்து.

"ஆறு இஞ்சு! ஏட்டி, பந்தயம் நீ ஜெயிச்சிட்ட. எங்க அந்த மிஷின்? தூக்குறேன்."

உண்மையாகவே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். மைதானமெல்லாம் வேண்டாம், தெருவைச் சுற்று போதும் என்றேன். பி.டி. டீச்சர், தலையில் இரும்பு மிஷின், பின்னாலேயே இவர் போனில் வீடியோ, பதினைந்து வீட்டுக்காரர்கள் வாசலில். தையல் பிரிந்துவிடும் என்று தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு சிரித்தேன். அப்படியே அதைத் தன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் கோல்கீப்பர் பிள்ளைகளுக்குத் தோள் பலமாகுமாம்.

மே 1, வெள்ளி

ரிசல்ட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் மட்டும் காலண்டரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நிற்கிறார்.

மே 3, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்! ஜெயித்துவிட்டோம்! இரண்டுக்கு ஒன்று!

காரில் போய் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம், கத்தக் கூடாது என்றார் டாக்டர். போனேன், உட்கார்ந்தேன், மற்றது என்னால் முடியவில்லை. திருநெல்வேலி நாலாவது நிமிஷமே ஒரு கோல் போட்டுவிட்டது. அவர்களுடைய பார்வர்டு என்ன ஓட்டம் ஓடுகிறாள்! ஐம்பத்திரண்டு வயதாம். பாதி ஆட்டத்தில் எல்லோரும் வந்து என்னைச் சுற்றி நின்று தண்ணீர் குடித்தார்கள். அவங்க லெஃப்ட் பேக் முழங்காலைப் பிடிச்சிக்கிட்டு நிக்கா, அந்தப் பக்கமாப் போங்க என்றேன்.

அந்தப் பக்கமாகப் போனார்கள். பெனால்டி கார்னர். ஜெசிந்தா அடித்தது கோல் பலகையில் பட்டு எழுப்பிய சத்தம் எனக்குக் காதில் இன்னும் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று. இரண்டு நிமிஷம் இருக்கும்போது பந்து வலது பக்கம் தாயம்மாளுக்கு வந்தது. தபால் பையைச் சுமந்த தோள் அது. இழுத்து அடித்தாள். கோல்கீப்பர் காலுக்கு நடுவில்! நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இவர் என்னை உட்காரவைக்க முயன்றுகொண்டே தானும் குதித்தார்.

பக்கத்தில் இருந்த ஒரு பெண், "அக்கா, நீங்கதான அந்த மிஷின் வச்சிருந்தது? வயித்துக்கு வாங்கலாமா?" என்று கேட்டாள். மேட்ச் சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"வேண்டாம். கைக்கும் தோளுக்கும் நல்லது, வயித்த மட்டும் தனியா அது கொறைக்காது. நடந்தா ஒடம்பு முழுக்கக் கொறையும். அத்தனையும் பண்ணி மத்ததெல்லாம் கொறஞ்சு வயிறு மட்டும் கொறையலைன்னா, அன்னைக்கே டாக்டர்ட்ட போ. என்ன மாதிரி டேப்ப மாத்தாத."

அவள் விழித்தாள். போகப் போகப் புரியும்.

மே 4, திங்கள்

காலை ஏழரை பஸ்ஸில் அவர் திருநெல்வேலி போனார். நானும் வருகிறேன் என்றதற்கு பஸ்ஸில் குலுங்கும் என்றார். அகிலா துவைக்கிறாள், நேற்றே துவைத்த துணியை.

ஒன்பதரை. ஒரு ஜாக்கெட்டுக்குப் பித்தான் தைக்க எடுத்தேன். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. வைத்துவிட்டேன்.

பத்தேமுக்கால். அம்மா படத்துக்கு முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். என்னவோ, "கூட இரும்மா" என்றுதான் வாயில் வந்தது.

பதினொன்று இருபது. போன் அடித்தது. எடுத்தேன். அவர் நம்பர்தான். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. "என்னங்க" என்றேன். ஒரு விம்மல். "என்னங்க, சொல்லுங்க." இன்னொரு விம்மல். இத்தனை வருஷமாக வாய் ஓயாத மனுஷன், ஒரு வார்த்தை பேச முடியாமல் விக்கி விக்கி அழுகிறார். அகிலா சோப்புக் கையோடு ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்துவிட்டது, சரி, தாங்கித்தான் ஆக வேண்டும் என்று சுவரில் சாய்ந்து நின்றேன்.

அந்தப் பக்கம் யாரோ போனை வாங்கினார்கள். ஒரு பெண் குரல். கவுன்டரில் இருக்கிற பெண்ணாம்.

"அக்கா, நீங்க செண்பகவல்லியா? பயப்படாதீங்க அக்கா. ரிப்போர்ட் நல்லாத்தான் வந்திருக்கு. புத்துநோய் கெடையாது, சாதாக் கட்டிதான். படிச்சுச் சொன்னதுலயிருந்து அண்ணன்தான் இப்படி அழுதுக்கிட்டு இருக்காரு. தண்ணி குடுத்திருக்கேன்."

"நல்லாப் பாத்தீங்களாம்மா? பேரு சரியா?"

"பேரு, வயசு, ஊரு, எல்லாம் சரி அக்கா. கோவில்பட்டி."

மறுபடி இவர் குரல். "செம்பா."

"அட, இதச் சொல்றதுக்கு இப்படியா என்னக் கொல்லுவீங்க! கண்ணத் தொடச்சிட்டு, பஸ்ல சீட்டுப் பிடிச்சு உக்காந்து வாங்க. படியில நிக்காதீங்க."

போனை வைத்துவிட்டு அகிலாவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் சோப்புக் கை என் முதுகெல்லாம். பிறகு காற்று வேண்டும் போல இருந்தது. மெல்ல நடந்து வாசலுக்கு வந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர்வீட்டில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தவள், என் கண்ணைப் பார்த்துப் பதறிப்போய்த் தெருவைக் கடந்து வந்தாள்.

"என்னக்கா? என்ன ஆச்சு? என்ன இருக்காம்?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னும் உரக்க, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ஒண்ணுமே இல்ல!"